துணி அளந்த சக்கரம்

போன டிசம்பரில் மும்பை சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய சாமான் கடை வாசலில், கிராமபோன் குழாய்க்கும் துருப்பிடித்த தையல் மெஷின் தலைக்கும் நடுவே ஒரு கனத்த இரும்புப் பெட்டி கிடந்தது. இரண்டு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் அளவு. முகத்தில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள், பக்கவாட்டில் துணி நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. கடைக்காரர் இது பழைய டாக்ஸி மீட்டர் என்று அடித்துச் சொன்னார். டாக்ஸி மீட்டருக்கு எதற்குப் பிளவு என்று கேட்டதற்கு, அந்தக் காலத்து மீட்டர் அப்படித்தான் இருக்கும் மேடம் என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது! ஆனால் மனிதர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அது துணி அளக்கும் மெஷின். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் இரும்புக்கோலால் அளப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருப்போம். அமெரிக்காவில் போன நூற்றாண்டின் முதல் பாதியில் துணிக்கடை மேசை ஓரத்தில் இந்தப் பெட்டியைத் திருகி வைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பாட்டிமார்கள் இன்றைக்கும் இதைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதைப் படித்திருக்கிறேன். பேர்போனது மெஷர்கிராஃப் என்ற மெஷின், மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தயாரிப்பு. நான் பார்த்த பெட்டியிலும் ஊர்ப்பெயர் அதுதான், துருவுக்கு அடியில் பாதி எழுத்து தெரிந்தது. கப்பலேறி மும்பைக்கு எப்படி வந்ததோ, சோர் பஜாரில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

எனக்கு அதைப் பார்த்ததும் புரிந்ததற்குக் காரணம் அப்பா. முல்ஜி ஜேட்டா துணி மார்க்கெட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் பேடியில், அதாவது மொத்த வியாபாரக் கடையில், அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பள்ளி லீவில் மாதுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கல் பிடித்து, மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, கைவண்டிகளுக்கு நடுவே அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து போவேன். பேடியின் உள்ளறையில் ஒரு நீள மேசை. அதன் ஒரு முனையில் தாக்கா, அதாவது மில்லிலிருந்து வந்த முழுத் துணிச்சுருள். மறுமுனையில் கைப்பிடி வைத்த ஒரு உருளை. நடுவில் துணியின் மேல் உட்கார்ந்தபடி ஒரு ரப்பர் சக்கரம், அதன் தலையில் எண்கள் நகரும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு ஆள் கைப்பிடியைச் சுற்றுவார், துணி ஓடும், சக்கரம் உருளும், பெட்டியில் எண் ஏறும். கடைசி இலக்கம் 9லிருந்து 0க்குப் புரளும்போது பக்கத்து எண் மெதுவாக, யோசிப்பதுபோல் ஒரு படி மேலே ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

சரி, இது எப்படி நீளத்தைச் சொல்கிறது? கோலால் அளந்தால் புரிகிறது, கோலின் நீளம் தெரியும், எத்தனை கோல் என்று எண்ணுகிறோம். சக்கரமும் ஒரு கோல்தான், வளைத்து முனையோடு முனை ஒட்டிவிட்ட கோல். சக்கரத்தின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து உருட்டிப் பாருங்கள், புள்ளி தரையைத் தொட்டு மறுபடியும் தரையைத் தொடும்வரை சக்கரம் போகிற தூரம்தான் அதன் சுற்றளவு. பள்ளியில் படித்த கணக்குத்தான், விட்டத்தைச் சுமார் 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு. அப்படியென்றால் சுற்றளவு சரியாக 1 மீட்டர் வரவேண்டுமானால் விட்டம் 31.83 செ.மீ. இருக்கவேண்டும். அது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, மேசையில் வைத்தால் இடைஞ்சல். சுற்றளவை 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விட்டம் 6.37 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கும். ஐந்து சுற்றுக்கு ஒரு மீட்டர். சக்கரத்துக்கும் எண் பெட்டிக்கும் நடுவே ஐந்துக்கு ஒன்று என்று ஒரு பற்சக்கரம் கோத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது டாக்ஸிக்கு வருவோம். மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸியின் முன்பக்கம், வெளியே, ஒரு இரும்பு மீட்டர் இருக்கும், டிரைவர் அதன் கொடியைத் தட்டி இறக்குவார். டாக்ஸியின் சக்கரச் சுற்றுதான் ஒரு கேபிள் வழியாக அந்த மீட்டருக்குள் போய் எண்ணாக மாறியது. இங்கே சக்கரம் ரோட்டில் உருண்டு ரோட்டை அளக்கிறது, அங்கே சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, துணி அதன் அடியில் ஓடுகிறது. அந்த மீட்டரிலும் காட்டும் தொகையை நேராகக் கொடுத்துவிட முடியாது, டிரைவர் ஒரு கசங்கிய கட்டண அட்டையை எடுத்து நீட்டுவார், மீட்டர் இவ்வளவு காட்டினால் நீ இவ்வளவு கொடு என்று. பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு ரோட்டிலிருந்து போய்விட்டன, இரும்பு மீட்டர் அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. ஆகவே சோர் பஜார்க்காரர் உறவுமுறையில்தான் தப்புச் செய்தார், குடும்பம் ஒன்றுதான்.

அமெரிக்க மெஷினின் சாமர்த்தியம் அந்தக் கட்டண அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்ததில் இருந்தது. விலைகள் அச்சடித்த ஒரு உருளையும் துணியோடு சேர்ந்து சுழலும். கஜம் 39 சென்ட் என்றால் அந்த வரிசைக்கு நேரே பார்த்தால் போதும், மொத்தத் தொகை ஜன்னலில் வந்து நிற்கும். இது என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குத் தோன்றும், போனில் தட்டினால் வந்துவிடுகிறது. ஆனால் கஜத்தை அவர்கள் எட்டாகப் பிரித்துத்தான் விற்றார்கள். இரண்டு கஜமும் எட்டில் ஏழு பங்கும், ஒரு கஜம் 39 சென்ட், எவ்வளவு? 1 டாலர் 12 சென்ட் என்று மனக்கணக்கில் சொல்லிவிட்டுக் கத்தரியையும் பிடிக்கவேண்டும், எதிரே நாலு பேர் காத்திருக்கிறார்கள். நம் ஊர் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. கஜம் 1 ரூபாய் 6 அணா என்றால் இரண்டே முக்காலே அரைக்கால், சே, இரண்டும் எட்டில் மூன்றும் எவ்வளவு? 3 ரூபாய் 4 அணா 3 தம்படி. நான் இதைத் தாளில் போட்டு இரண்டு தடவை தப்பு வாங்கினேன். மெஷின் இல்லாமல் இதை வாயாலேயே சொன்ன குமாஸ்தாக்களைத்தான் கும்பிடவேண்டும்.

கஜம் என்றதும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், மும்பையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. நாம் ஒன்பது கஜம் என்கிற புடவையை மராட்டிக்காரர்கள் நவ்வாரி என்கிறார்கள், வார் என்றால் கஜம், ஒன்பது வார் நவ்வாரி. இந்திக்காரர் கஜ் என்பார். மூன்று பேரும் சொல்வது இன்றைக்கு 36 அங்குலம், 91.44 செ.மீ. ஆனால் இது எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. அக்பர் நிர்ணயித்த இலாஹி கஜம் 41 விரல், நம் கணக்கில் 33 அங்குலம் பக்கம். பழைய பம்பாய்க் கஜமோ 27 அங்குலம். பம்பாயில் 10 கஜம் வாங்கியவரும் வங்காளத்தில் 10 கஜம் வாங்கியவரும் சந்தித்திருந்தால் சண்டைதான். அப்புறம் 1956 சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மீட்டரும் கிலோவும் நடைமுறைக்கு வந்தன. மீட்டர் 39.37 அங்குலம், கஜத்தைவிட மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒன்பது கஜத்தை மாற்றினால் 8.23 மீட்டர். ஆனாலும் மாதுங்கா கடையில் போய் எட்டேகால் மீட்டர் புடவை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள்.

நம் பழைய கணக்கு இந்த மெஷினோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. முழம் 18 அங்குலம், இரண்டு முழம் ஒரு கஜம், அதனால்தான் எட்டு முழ வேட்டி நாலு கஜம். சாண் 9 அங்குலம், கஜத்தில் நாலு சாண். அமெரிக்க மெஷின் முகப்பில் கஜத்தை எட்டாகப் பிரித்த கோடு இருக்கிறதே, ஒரு கோடு நாலரை அங்குலம், அதாவது அரைச் சாண். செயின்ட் லூயிஸில் செய்த பெட்டி அரைச் சாண் அரைச் சாணாக அளந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியாமலேயே.

இனி மெஷின் எங்கே பொய் சொல்லும் என்று பார்ப்போம். எண் தெரிகிறது என்பதாலேயே நம்பிவிடுகிறோம் இல்லையா, அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் தேய்மானம். அந்த 20 செ.மீ. சுற்றளவுச் சக்கரத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் தேய்ந்தது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, நகக்கண் அளவுகூட இல்லை. சக்கரம் சின்னதாகிவிட்டதால் அதே துணிக்குக் கூடுதலாகச் சுற்றும், 100 மீட்டர் தாக்கா ஓடி முடிந்ததும் பெட்டியில் 100.79 இருக்கும். 79 செ.மீ. ஒரு பிளவுஸ் பிட். ஒவ்வொரு தாக்காவுக்கும் வாங்குகிறவர் ஒரு பிளவுஸ் பிட்டுக்குக் காசை மட்டும் கொடுத்துவிட்டுத் துணி இல்லாமல் போகிறார், யாரும் திருடவில்லை. சக்கரத்தில் பஞ்சு சுற்றிக்கொண்டால் நேர்மாறு, சக்கரம் பெரிதாகி, எண் குறைந்து, சேட்டுக்கு நஷ்டம். பேடியில் சக்கரத்துப் பஞ்சை எடுக்கத் தினம் ஒரு பையன் பழைய பல்துலக்கி வைத்துக்கொண்டு உட்கார்வான். தேய்மானத்தைப் பார்க்க யாரும் தினம் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. தானாகவே நடந்ததா, அப்படி விட்டார்களா, அப்பாவைக் கேட்டால் சிரிப்பார்.

அடுத்தது வழுக்கல். இதை நான் கையாலேயே செய்து பார்த்தேன். சோர் பஜார் பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள என் கழுத்தில் கிடந்த காட்டன் துப்பட்டாவை எடுத்து அந்தப் பிளவுக்குள் நுழைத்தேன். துப்பட்டா இரண்டரை மீட்டர், நானே வெட்டி வாங்கியது. இரண்டரை மீட்டர் என்றால் இரண்டே முக்கால் கஜத்துக்கு நூல் குறைவு. விறுவிறுவென்று இழுத்தேன். முள் இரண்டரை கஜத்தில் நின்றது. அடடா, கெட்டுப்போன மெஷின் என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்தால், அவர் துணியை வாங்கி, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுவதுபோல் மெதுவாக இழுத்தார். முள் இரண்டே முக்காலைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது! ரப்பர் இறுகிப்போயிருக்கிறது, வேகமாக இழுத்தால் துணி மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சக்கரம் கூடவே வருவதில்லை. டாக்ஸி மீட்டர் என்று சொன்ன ஆசாமிக்கு இவ்வளவு தெரிந்திருந்தது.

கடைசியில் இழுவை, இது மெஷினுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பனியன் துணி மாதிரிப் பின்னல் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் நீளம் கூடும், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் பழைய நிலைக்குச் சுருங்கும். தையல் ஃபாக்டரிகளில் இந்த மாதிரித் துணியைச் சுருளிலிருந்து பிரித்து, தளர்வாகப் போட்டு, பெரும்பாலும் ஒரு நாள் ஓய்வெடுக்க விட்டுத்தான் வெட்டுவார்கள். கோலில் அளக்கும் கடைக்காரரின் கட்டைவிரலும் இதே வேலையைச் செய்யும், துணியைக் கோலோடு அழுத்தி இழுக்கிறாரா, கிடக்கிற மாதிரி வைக்கிறாரா என்று பாருங்கள். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் அம்மா கோலைப் பார்க்கவே மாட்டாள், கட்டைவிரலைத்தான் பார்ப்பாள்.

மில்களில் இதற்கு ஒரு தனி வழி வைத்திருந்தார்கள், எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும். துணியை மடிக்கும் மெஷினே அளக்கும் மெஷின். ஒரு தட்டு முன்னும் பின்னும் போய்வந்து துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கும், மடிப்பு ஒவ்வொன்றும் சரியாக ஒரு கஜம், பின்னால் ஒரு மீட்டர். அடுக்கி முடித்த துணியின் ஓரத்தைப் புத்தகத்தின் பக்கங்களைத் தள்ளுவதுபோல் விரலால் தள்ளி எண்ணினால் நீளம் கிடைத்துவிடும். பேடியில் பழைய முனீம், அதாவது கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார், ஒரு மடிப்புத் துணியைக் கையில் வாங்கி, ஓரத்தைச் சரசரவென்று ஒரு தடவை ஓட்டிவிட்டு நாற்பது என்பார். சக்கரத்தில் ஓட்டிப் பார்த்தால் நாற்பதுதான் இருக்கும். துண்டு விழுந்ததை ஃபென்ட் என்பார்கள், அதையும் விடச் சின்னது சிந்தி. சிந்தி மூட்டையிலிருந்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது சேட்டின் உத்தரவு, என் பொம்மைகள் எல்லாம் மாதுங்காவிலேயே நல்ல உடுப்பு உடுத்தியவை.

நீங்கள் இன்றைக்கு மொத்தக் கடையில் துணி வாங்குகிறீர்கள் என்றால் இப்போது சக்கரத்தின் தலையில் சிவப்பு எண் மின்னும் டிஜிட்டல் பெட்டி இருக்கும். உள்ளே கதை அதேதான், சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஒரு துடிப்பு போகும், பெட்டி துடிப்பை எண்ணும், சக்கரம் தேய்ந்தால் இதுவும் அசராமல் பொய் சொல்லும். சோதிப்பது சுலபம். நீட்டினால் நீளாத துணியில் கோலால் 10 மீட்டர் அளந்து ஊசியால் குறி வைத்துக்கொண்டு மெஷினில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். 10.08 காட்டினால் அதுதான் நான் சொன்ன அரை மில்லிமீட்டர். கோலையும் சும்மா நம்பவேண்டாம், அதன் மேல் எடை அளவுத் துறையின் முத்திரை குத்தியிருக்கவேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும் என்பது விதி. மொத்தக் கடையில் இப்படிச் சோதிக்கக் கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

எனக்கு அந்த மெஷின் மேல் ஒரே ஒரு மனக்குறை உண்டு. அதற்குக் கொசுறு தெரியாது. கோல்காரர் இரண்டரை மீட்டர் அளந்து முடித்ததும் கத்தரியை இரண்டு விரல் தள்ளி வைப்பார், அம்மா அந்த இரண்டு விரலுக்காகத்தான் அதே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனாள். பூ வாங்கும்போதும் இதே கதை, மாதுங்கா மார்க்கெட்டில் முழம் போட நாலு பேர் உட்கார்ந்திருந்தால் கை நீளமாக உள்ளவளிடம் போய் வாங்கு என்று சொல்லி அனுப்புவாள். அமெரிக்க மெஷினில் அதற்கு வழியே கிடையாது. அளந்து முடித்ததும் ஒரு நெம்புகோலை அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்னக் கத்தி துணியின் கரையில் நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டிலிருந்துதான் கிழிக்கவேண்டும், வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல்கூடக் கிடைக்காது.

அந்த நெம்புகோல் எது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கவேண்டும். விலை கேட்டேன், 6,500 என்றார். 2,000 என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, இதைப் பாருங்கள், எல்லாம் ஓடுகிறது என்று பக்கத்தில் இருந்த ஒரு கம்பியைத் தட்டினார், என் துப்பட்டா இன்னும் உள்ளேதான் இருந்தது. நறுக். கரையிலிருந்து அரை விரல் ஆழத்துக்குச் சுத்தமான ஒரு வெட்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கத்திக்கு மட்டும் துருப்பிடிக்கவில்லை. இரண்டு பேரும் துப்பட்டாவைப் பார்த்தோம். அவர் 5,000க்கு இறங்கினார்.

வாங்கவில்லை. அம்மா அந்த வெட்டை அதே நிற நூலால் தைத்துக் கொடுத்தாள், தைக்கும்போது இது எந்தக் கடையில் வெட்டியது, இவ்வளவு நேராக இருக்கிறதே என்று கேட்டாள்.